தலச்சேரி வக்கீல்

இந்திரா காந்தியின் அரசியல் வாழ்க்கையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் குறுக்கே வந்திருக்கிறார்கள். 1975 ஜூன் 24-ஆம் தேதி, அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்து, அவர் பிரதமராக நீடிக்க வழிவிட்டவர் அண்ணன்: உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1977 அக்டோபரில் சி.பி.ஐ. இந்திராவைக் கைது செய்தபோது அங்கே இணை இயக்குநராக இருந்து அந்த வேலையைப் பார்த்தவர் தம்பி வி.ஆர். லட்சுமிநாராயணன். தம்பி பிற்பாடு தமிழ்நாட்டு டி.ஜி.பி. ஆகி ஓய்வு பெற்றார். சென்னைப் போலீஸ் வட்டாரத்தில் வி.ஆர்.எல். என்றால் பழைய ஆட்களுக்கு உடனே தெரியும்.

வக்கீல்களின் பார் ரூமில் டீ நேரத்துக்கு ஏற்ற கதை இது. நானே பல தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் ஒரு தாலுகா ஊரில் கிரிமினல் பிராக்டிஸ் பண்ணுகிறவன். எனக்குக் கிருஷ்ணய்யர் தேவைப்படுவது பிரதமர் வழக்குக்கு இல்லை. சைக்கிள் திருட்டுக்கும், சாராய வழக்குக்கும், குடிபோதையில் மச்சானை அரிவாளால் வெட்டிய வழக்குக்கும்தான் அவர் தேவைப்படுகிறார். டெல்லியில் உட்கார்ந்து அவர் எழுதிய தீர்ப்புகளில் பெரும்பாலானவை வட கேரளத்துத் தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது கோர்ட் வராந்தாவில் பார்த்ததை வைத்து எழுதப்பட்டவை என்பது என் கட்சி. பெரிய ஊர் வக்கீலாக மட்டும் இருந்து பெஞ்சுக்குப் போனவருக்கு அந்தத் தீர்ப்புகள் தோன்றியிருக்காது.

பாலக்காட்டு வைத்தியநாதபுரத்துத் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. பெயருக்கு முன்னால் நிற்கிற 'வி' அந்த ஊர்தான். அப்பா ராமய்யர் வட மலபாரில் கொயிலாண்டியில் வக்கீல். பிள்ளை பிறந்தது 1915 நவம்பர் 15. பாலக்காடு விக்டோரியா கல்லூரி, அப்புறம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அப்புறம் சென்னை சட்டக் கல்லூரி. 1930-களின் கடைசியில் தலச்சேரியில் கோட்டு மாட்டினார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. தலச்சேரியில் தோற்றால் அப்பீலுக்குச் சென்னை ஹைகோர்ட்டுக்கு ரயில் ஏற வேண்டும்.

அந்தக் கால மலபார் வக்கீலுக்குச் சோறு போட்டது நிலம். ஜன்மி என்கிற நிலச் சொந்தக்காரர் மேலே. அவருக்குக் கீழே, முன்பணம் கொடுத்து நிலத்தை அனுபவிக்கிற காணக்காரர். அவருக்கும் கீழே, வருஷா வருஷம் எப்போது இறங்கச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே உழுகிற வெறும்பாட்டக்காரர். ஒரே வயலுக்கு இத்தனை அடுக்கு உரிமை இருந்தால் கோர்ட்டுக்குப் பஞ்சமில்லை. குடியொழிப்பு வழக்குகள், அதாவது பாட்டக்காரரை நிலத்தை விட்டு வெளியேற்றும் வழக்குகள், குவிந்து கிடக்கும். வக்கீல் வீட்டுப் பிள்ளை, ஆங்கிலம் சரளம், அப்பாவின் கட்சிக்காரர்கள் ரெடியாக இருக்கிறார்கள். ஜன்மிகள் பக்கம் நின்று காலம் தள்ளியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை. அவர் விவசாயச் சங்கத்துக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் வக்காலத்து போட ஆரம்பித்தார். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் ஆகவில்லை. ஆனால் வட மலபாரில் அந்த நாளில் அப்படிப்பட்ட வழக்குகளை எடுத்தால் யாருடைய ஆள் என்று ஊரே முடிவு செய்துவிடும்.

1948-இல் கல்கத்தா மாநாட்டுக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் பாதைக்குத் திரும்பியது. மலபார் முழுக்கப் போலீஸ் வேட்டை. லாக்கப்பில் வைத்து அடிக்கிறார்கள் என்று கிருஷ்ணய்யர் எதிர்ப்புக் காட்டினார். பதிலுக்கு, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். வக்கீல் தொழிலைச் செய்ததே குற்றம்! தமாஷாகச் சொல்லவில்லை, ஒரு சிற்றூர் வக்கீலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நாங்கள் எல்லாம் சிறையைப் பார்ப்பது மனு கொடுக்கும் ஜன்னல் வரைதான். சாப்பாட்டுத் தட்டு எப்படி இருக்கும், ராத்திரி வார்டர் எப்படிக் கூப்பிடுவார் என்பதெல்லாம் கட்சிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

அந்தக் காலத்தின் சூடு எப்படி இருந்தது என்றால், 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அதே வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏ.கே. கோபாலன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கம்யூனிஸ்ட் தலைவரான கோபாலன் அந்த வட மலபார்க்காரர்தான். சென்னை அரசு அவரை விசாரணையில்லாமல் அடைத்து வைத்திருந்தது. சட்டம் என்று ஒன்று இருந்து அதன்படி நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று கோர்ட் கேட்காது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 28 வருஷம் கழித்து, 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கில் ஏழு பேர் பெஞ்ச் அந்தப் பார்வையைக் கைவிட்டது. நடைமுறை என்றால் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. அந்த ஏழு பேரில் ஒருவர் கிருஷ்ணய்யர். அவர் தனியாக எழுதிய பகுதியைப் படிக்கும்போது எனக்குக் கோபாலன் ஞாபகம்தான் வரும்.

1952-இல் கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சுயேச்சையாகச் சென்னை சட்டசபைக்கு வந்தார். விசித்திரமான சபை அது. 375 இடத்தில் காங்கிரசுக்கு 152தான். ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராக வந்து முதலமைச்சர் ஆனார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் ஆட்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மறு வருஷம் ஆந்திரா பிரிந்தது. 1956 நவம்பரில் மலபார் போனது. நம் சட்டமன்ற வரலாற்றை எழுதுகிறவர்கள் கிருஷ்ணய்யரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் அவர் சட்டம் போடும் தொழிலைக் கற்றுக்கொண்டது சென்னையில்.

1957-இல் கேரளத்தின் முதல் தேர்தல். 126 இடத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60, அவர்கள் ஆதரித்த சுயேச்சைகள் 5. தலச்சேரியில் ஜெயித்த கிருஷ்ணய்யர் அந்த ஐந்தில் ஒருவர். முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் மந்திரிசபையில் சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் என்று பல துறைகள் அவர் கைக்கு வந்தன. ஏப்ரல் 5-ஆம் தேதி பதவியேற்றவர்கள், ஒரு வாரம் முடிவதற்குள் குடியொழிப்பை நிறுத்தி வைத்து அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். வருவாய் மந்திரி கௌரி அம்மா, சட்ட மந்திரி கிருஷ்ணய்யர். இருபது வருஷம் குடியொழிப்பு வழக்கில் பாட்டக்காரனுக்கு வாய்தா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த வக்கீல், ஒரே காகிதத்தில் மாநிலம் முழுக்க வாய்தா கொடுத்துவிட்டார் என்று நான் இதைப் பார்ப்பதுண்டு. கூடவே ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல், கைதிகளின் நிலைமையில் சீர்திருத்தம் என்று அவர் தொட்டவை எல்லாம் முன்பே உரசிப் பார்த்த விஷயங்கள்.

அந்த மந்திரிசபை என்ன ஆனது என்று தெரியும். கல்வி மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தராமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அங்கிருந்து உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போனது. அப்புறம் விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) என்ற பெயரில் தெருவெல்லாம் போராட்டம். கடைசியில் ஆளுநர் ராமகிருஷ்ண ராவ் அறிக்கை கொடுக்க, 1959 ஜூலை 31-ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. சபையில் பெரும்பான்மை இருந்த ஆட்சி. சட்ட மந்திரி மறுபடி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். 1965-இல் தேர்தலில் நின்று தோற்றார். 1968-இல் கேரள ஹைகோர்ட் நீதிபதி.

நடுவில் சட்டக் கமிஷனில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். வந்த நேரம் சரியில்லை. மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரசுக்கு வேண்டிய ஆட்களை நிரப்புகிறார்கள் என்ற சந்தேகம் எல்லார் மனதிலும் இருந்தது. முன்னாள் மந்திரி, இடதுசாரி, அவரையா நீதிபதியாகப் போடுவது என்று பம்பாய் வக்கீல்கள் எதிர்த்தார்கள். சோலி சொராப்ஜி அவர்களில் ஒருவர். தன் எதிர்ப்பு தப்பு என்று பின்னால் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசியல்வாதியை நேரே பெஞ்சில் உட்கார வைப்பது எனக்கு இன்றைக்கும் ஒப்பாத காரியம். கிருஷ்ணய்யர் விதிவிலக்காக அமைந்தார் என்பதால் அதை விதியாக்க முடியாது.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்று ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. எவ்வளவுக்கு, எப்படி என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். 1978-இல் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம்! அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதன் திரும்ப உச்ச நீதிமன்றத்துக்கே வந்தான்.

கிருஷ்ணய்யருக்கு வந்த கோபத்தைத் தீர்ப்பில் பார்க்க வேண்டும். ஒரு மலையாளியோ கன்னடக்காரனோ தமிழனோ ஆந்திராக்காரனோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால், அங்கே நிலம் வைத்திருக்கிற ஜாமீன்தாருக்கு எங்கே போவான் என்று கேட்கிறார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொல்லி உத்தரவு போட்டார். ஏழை என்பதற்காக உள்ளே வைப்பதும் பணக்காரன் என்பதற்காக வெளியே விடுவதும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கம் என்பது அந்தத் தீர்ப்பு முழுக்க ஓடுகிற நினைப்பு.

இதை நான் எத்தனை மனுவில் எடுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எங்கள் பக்கம் ஜாமீன் உத்தரவில் 'இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த சம்பந்தம்' என்று எழுதுவது வழக்கம். உள்ளூர் ஆளுக்கே மூச்சு முட்டும். ரேஷன் கார்டு ஒரிஜினல், ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு கோர்ட் வாசலில் காலையிலிருந்து நிற்க வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு, 'வரி ரசீது அப்பா பேரில இருக்கே, நாளைக்கு வா' என்பார்கள்.

வடக்கிலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்த ஒரு பையனின் வழக்கு எனக்கு மறக்காது. செல்போன் பறிப்பு என்று கேஸ். வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. ரத்த சம்பந்தத்துக்கு ஒடிசாவிலிருந்து அவன் அப்பா இரண்டு ரயில் மாறி வந்தார். அவருடைய கார்டில் இருந்த எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. இன்னொரு ஜாமீன்தாராக நிற்க மேஸ்திரி தயாராக இல்லை. 'வக்கீல் சார், நான் நின்னா நாளைக்கு இவன் ஓடிட்டான்னா என் வீட்டுக்குத்தானே வருவாங்க' என்றார். நியாயமான கேள்வி. குமாஸ்தா அண்ணன் என் காதில், 'தொழில்முறை ஜாமீன்தார் ரெண்டு பேர் வெளியதான் நிக்கிறாங்க, சொல்லட்டுமா' என்றார். எல்லாக் கோர்ட் வாசலிலும் நடக்கிற வியாபாரம் அது, மோத்திராம் தீர்ப்பை மதிக்காத இடத்தில் தானாக முளைக்கிறது. நான் மோத்திராமைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டேன். கிடைத்தது, ஆனால் பையன் அதற்குள் கூடுதலாகப் பல நாள் உள்ளே இருந்துவிட்டான்.

2023 ஜனவரி 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதையே சொல்ல வேண்டி வந்தது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் பற்றித் தானாக எடுத்த வழக்கில், உள்ளூர் ஜாமீன்தார் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அப்படி நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்றார்கள். 45 வருஷம் ஆகிவிட்டது.

கைவிலங்கு விஷயமும் அப்படித்தான். பிரேம் சங்கர் சுக்லா என்ற கைதி திகாரிலிருந்து தந்தி அடித்தார், கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது விலங்கு போடுகிறார்கள் என்று. அந்தத் தந்தியையே மனுவாக எடுத்துக்கொண்டு 1980-இல் தீர்ப்பு. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அன்றைய போலீஸ் விதிப்படி 'நல்ல வகுப்பு' கைதிக்கு விலங்கு கிடையாது, சாதாரணக் கைதிக்கு உண்டு. படிப்பும் பணமும் இருந்தால் கை சும்மா இருக்கும், இல்லாவிட்டால் இரும்பு. இந்தப் பாகுபாட்டைத்தான் அவர் முதலில் பிடித்தார். தப்பி ஓடுவான் என்பதற்குத் தனியாகக் காரணம் எழுதி, அதை மாஜிஸ்திரேட்டிடம் காட்டாமல் விலங்கு போடக்கூடாது என்றார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சில வகைக் குற்றங்களுக்கு விலங்கைச் சட்டப்படியே அனுமதித்திருக்கிறது. அதைப் படித்த அன்று பார் ரூமில் பெரிய சண்டை. எங்களில் பாதிப் பேர் போலீஸ் பக்கம்தான் பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சுனில் பத்ரா வழக்கு தெரியாத சட்ட மாணவர் இருக்க மாட்டார். தூக்குத் தண்டனைக் கைதி பத்ரா. தன்னைத் தனிமைச் சிறையில் வைக்கிறார்கள் என்று முதல் வழக்கு. அது நடக்கும்போது நீதிபதிகள் திகார் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் இன்னொரு கைதியை ஒரு வார்டர் பணம் பறிப்பதற்காகச் சித்திரவதை செய்ததைப் பார்த்து, பத்ரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்டாம்ப் ஒட்டிய மனு கிடையாது, வக்காலத்து கிடையாது, தனக்காகக்கூட இல்லை. அதை ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பொதுநல வழக்கு என்று இன்று நாம் சொல்கிற சமாச்சாரத்துக்கு இப்படித்தான் கதவு திறந்தது. உள்ளே அடித்தால் வெளியே கேட்காது என்பது 1948-இலேயே கிருஷ்ணய்யருக்குத் தெரிந்த சங்கதி.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய தீர்ப்புகளிலேயே சின்ன ஊர் வாசனை அதிகம் அடிப்பது ரத்லம் நகராட்சி வழக்கு. வாசனை என்று சொன்னது சரியான சொல்தான், அது சாக்கடை வழக்கு. மத்தியப் பிரதேசத்து ரத்லம் ஊரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடை நாறுகிறது, சாராய ஆலைக் கழிவு தெருவில் ஓடுகிறது, கக்கூஸ் வசதி இல்லாத சேரி ஜனங்கள் வேறு வழியில்லாமல் தெருவோரம் ஒதுங்குகிறார்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் 133-ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். நகராட்சி என்ன செய்ய வேண்டும்? சாக்கடை கட்ட வேண்டும். அவர்கள் அப்பீல் போட்டார்கள். செஷன்ஸ், ஹைகோர்ட், உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்தார்கள். வாதம் ஒன்றே ஒன்றுதான்: எங்களிடம் காசு இல்லை.

டெல்லி வரை வழக்கு நடத்தக் காசு இருந்தது. 1980 ஜூலையில் கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தார். மனித உரிமை என்பது பட்ஜெட்டைப் பார்த்து வருவதில்லை, சட்டம் சுமத்திய கடமைக்கு நிதியில்லை என்பது பதிலாகாது என்றார். கழிவை நிறுத்து, பொதுக் கழிப்பிடம் கட்டு, சாக்கடையைச் சரி செய் என்று கெடு வைத்து உத்தரவு. சுற்றுச்சூழல் சட்டம் என்று பெரிய பெயரில் நாம் பேசுகிற விஷயம் இந்த நாட்டில் இப்படி ஒரு தெருச் சாக்கடையில் ஆரம்பித்திருக்கிறது. எங்கள் ஊர் நகராட்சி மேல் வழக்குப் போட வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். அவர்கள் பெரும்பாலும் வழக்குப் போடுவதில்லை, இதன் நகலோடு ஒரு மனு கொடுக்கிறார்கள். சில சமயம் வேலை நடக்கிறது.

எல்லாத் தீர்ப்பும் எனக்கு ஏற்பு என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், தொழிலாளர் சட்டத்தில் வரும் 'தொழில்' என்பதன் எல்லையை அவர் விரித்த விரிப்பில் ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், கிளப் எல்லாமே உள்ளே வந்தன. தொழிலாளிக்கு நல்லது. ஆனால் அந்தக் குழப்பம் பல வருஷம் கோர்ட்டுகளை அலைக்கழித்தது. தூக்குத் தண்டனையைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்க 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் எழுதினார். மறு வருஷமே பச்சன் சிங் வழக்கில் பெரிய அமர்வு அதை ஒதுக்கிவிட்டது. மனதால் நான் அவர் பக்கம், ஆனால் மூன்று பேர் பெஞ்சில் அவ்வளவு தூரம் போனது கொஞ்சம் அவசரம்தான்.

அப்புறம் அந்த ஆங்கிலம்! ஏழைக்காக எழுதுகிறார், ஏழையின் வக்கீலுக்குப் புரிவதில்லை. லத்தீன், ஷேக்ஸ்பியர், உபநிடதம், அவராகவே உருவாக்கிய சொற்கள் என்று ஒரே வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும். எங்கள் சீனியர் அவர் தீர்ப்பைப் படிக்கும்போது மேஜையில் அகராதியை எடுத்து வைத்துக்கொள்வார். 'அய்யர் என்ன சொல்றார்னு ஹெட்நோட்ல பாரு, ரசிக்கணும்னா உள்ள போ' என்பது அவர் எங்களுக்குச் சொன்ன வழி. ஹெட்நோட் என்பது தீர்ப்புக்கு மேலே அச்சாகிற சுருக்கம்.

1975-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12-இல் அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி சின்ஹா, இந்திராவின் தேர்தல் செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில். விடுமுறை நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட மந்திரி கோகலே போன் போட்டு நேரில் வரலாமா என்று கேட்டதாகவும், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று தான் தவிர்த்துவிட்டதாகவும் கிருஷ்ணய்யரே பின்னால் சொல்லியிருக்கிறார். இந்திராவுக்கு வக்கீல் பல்கிவாலா, வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்குச் சாந்தி பூஷண். முழுத் தடை கிடைக்கவில்லை. பிரதமராக இருக்கலாம், சபைக்குப் போகலாம், பேசலாம். எம்.பி.யாக ஓட்டுப் போடக்கூடாது, சம்பளம் வாங்கக்கூடாது. மறுநாள் மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் கூட்டம், நள்ளிரவில் நெருக்கடி நிலை.

அவர் தடையே கொடுத்திருக்கக்கூடாது என்று ஒரு கோஷ்டி. முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்று இன்னொரு கோஷ்டி. எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. தேர்தல் அப்பீலில் இப்படி நிபந்தனைத் தடை கொடுப்பது அன்றைக்குச் சாதாரண வழக்கம். எந்த எம்.எல்.ஏ.வுக்கும் கொடுத்திருக்கக்கூடியதைப் பிரதமருக்கும் கொடுத்தார், அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்கவில்லை. அடுத்த நாள் நடந்ததற்கு விடுமுறை நீதிபதி எப்படிப் பொறுப்பு?

1980 நவம்பரில் ஓய்வு. எர்ணாகுளத்தில் இருந்துகொண்டு பேச்சு, எழுத்து, மனு, விசாரணைக் குழு என்று முப்பது வருஷத்துக்கு மேல் சும்மா இருக்கவில்லை. 1987-இல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். எதிரே ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர், அவரும் தொழிலாளர் வழக்குகளில் பெயர் எடுத்த வக்கீல், அவரும் சிறைக்குப் போனவர். தமிழ் பேசும் இரண்டு வக்கீல்கள் ராஷ்டிரபதி பவனுக்குப் போட்டி போட்டார்கள் என்பது நம் பத்திரிகைகள் போதுமான அளவு கொண்டாடாத செய்தி. ஓட்டு மதிப்பில் 7,40,148-க்கு எதிராக 2,81,550. தோல்வி முன்பே தெரிந்ததுதான்.

2002 குஜராத் கலவரத்தை விசாரித்த மக்கள் தீர்ப்பாயத்தில் இருந்தவர், 2013-இல் மோடி பிரதமராக வர வேண்டும் என்று ஆதரித்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஆடிப்போனார்கள். எனக்கும் அது விளங்கவில்லை. 98 வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதரின் மனதுக்குள் புகுந்து விளக்கம் தேட எனக்கு விருப்பமும் இல்லை. 2014 டிசம்பர் 4-ஆம் தேதி கொச்சியில் காலமானார்.

கடைசியாக ஆளுநர் விவகாரம். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கு. பஞ்சாபில் தகுதிகாண் பருவத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரண்டு கீழ்க்கோர்ட் நீதிபதிகளின் வேலைப் பிரச்சினை அது. அதில்தான், குடியரசுத் தலைவரும் ஆளுநரும் ஒரு சில விதிவிலக்கு தவிர மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர்கள் என்று ஏழு பேர் பெஞ்ச் தீர்த்துச் சொன்னது. கிருஷ்ணய்யர், பகவதியும் சேர்ந்து நிற்க, தனியாக நீளமாக எழுதினார். ஆளுநரின் அறிக்கையால் பதவி போன மந்திரி எழுதுகிறார் என்ற நினைப்போடு படித்தால் அந்தப் பக்கங்களுக்கு வேறு ருசி வரும். ஓய்வுக்கு மூன்றே நாள் முன்னால், 1980 நவம்பர் 11-இல், மாரு ராம் வழக்கு. ஆயுள் கைதி 14 வருஷம் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டப் பிரிவு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தீர்ப்பு முழுக்கத் தெரிகிறது. இருந்தும் அது செல்லும் என்றார். ஆனால் அரசியல் சட்டத்தின் 161-ஆம் பிரிவு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரத்தை அது தொடாது, அந்த அதிகாரத்தையும் ஆளுநர் மந்திரிசபை சொல்கிறபடிதான் செலுத்த வேண்டும் என்று கூடவே எழுதி வைத்தார்.

ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவர்களுக்காக அவர் கடைசிக் காலத்தில் குரல் கொடுத்தது தமிழ்நாட்டுக்குத் தெரியும். பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக மந்திரிசபை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை அதை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அப்படி அனுப்ப இடமில்லை என்று சொல்லி அவரை விடுவித்தபோது மாரு ராமையும் எடுத்துக் காட்டியது.

அன்றைக்கு எங்கள் பாரில் ஒரே கொண்டாட்டம், ஒரே விவாதம். என் ஜூனியர் ஒருவர், 'சார், மாரு ராம் எதுல இருக்கு' என்று கேட்டார். ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பின் 1980 வால்யூமை எடுத்துக் கொடுத்து, ஹெட்நோட்டோடு நிறுத்தாமல் முழுக்கப் படிக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, 'நாலு பக்கம் போறதுக்குள்ள தலை சுத்துது சார், இவர் சாதாரணமாப் பேசவே மாட்டாரா' என்றார். அகராதி மேல் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கோ என்றேன்.